கொறக்கா தின்ற இரும்பு

ஒக்டோபர் மழை தொடங்கிய வாரத்தில், ஒரு மத்தியானம், லாபிர் முதலாளி குடையும் கையுமாக முத்துவீரனின் பட்டறைக்குள் நுழைந்தார். அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சந்திரகாந்தா தன் தாய்மாமனுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து, அவர் கை கழுவி வரட்டும் என்று ஓரமாக நின்றிருந்தாள். அன்றைய பேச்சு அவளுக்கு இன்றும் வரிசை பிசகாமல் நினைவிருக்கிறது.

முதலாளி முதலில் மழையைத் திட்டினார். மிளகு காயவில்லை, சாதிக்காயில் பூஞ்சணம் பிடிக்கிறது என்றார். முத்துவீரன் ஒரு பைசிக்கிள் மணியின் மூடியைத் துடைத்தபடி ஆமாங்க, ஆமாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் பெரிய கிட்டங்கி வைத்திருப்பவர் மழையைப் பற்றிப் பேசவா இந்தத் தகரப் பட்டறை வரைக்கும் நடந்து வருவார் என்று இருவருக்குமே தோன்றியிருக்க வேண்டும். பேச்சு தீர்ந்ததும் முதலாளி கக்கத்தில் இடுக்கியிருந்த பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தார்.

"பாஸ், இது கொஞ்சம் துரு புடிச்சீக்கி. நிக்கல் போட்டுத் தாங்க. பளபளண்டு ஈக்கணும்."

கைவேலை தெரிந்தவரை அந்த ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ் டின்னைத் திறந்து பார்த்தார். உடனே மூடினார். தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டு, தான் தையல் மெசினும் பைசிக்கிளும் செய்கிறவன் என்றார். இதுவும் இரும்புதானே என்றார் முதலாளி.

"இரும்புதாங்க. ஆனா தையல் மெசின் வச்சிருந்தான்னு யாரையும் புடிச்சிக்கிட்டுப் போகமாட்டாங்க."

முதலாளி சிரிக்கவில்லை. அது தன் வாப்பா காலத்து ரிவோல்வர், முறையான லைசன் இருக்கிறது என்றார். தோட்டா இருக்கிறதா என்று முத்துவீரன் கேட்டார். இல்லை என்று அவர் சொன்னது போதவில்லை. நீங்களே திறந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு மருமகளைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். முதலாளி திணறித் திணறி உருளையை வெளியே சரித்துக் காட்டினார். ஆறு துளையும் வெறுமை. அப்போதுதான் முத்துவீரன் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்னங்க மொதலாளி, மீன் கொழம்பு வாசம் அடிக்குது?"

முதலாளி குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார். எண்பத்தொன்பதில், கிளர்ச்சி செய்த சிங்களப் பொடியன்மார் வீடு வீடாக வந்து துப்பாக்கி கேட்ட நாட்களில், தன்னுடையதைப் பொலிஸில் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிட்டங்கியில் மீன் குழம்புக்குப் போடுகிற கொறக்காப் புளி மூட்டை ஒன்றுக்குள் புதைத்தார். மிளகு மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள், கொறக்காவுக்குள் யார் கையை விடுவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான், யாரும் கை விடவில்லை. வெளியே எடுக்கப் பயந்து அவரும் விடவில்லை. மூன்று வருஷம் போய்விட்டது. லைசன் மட்டும் காகிதத்திலேயே புதுப்பிக்கப்பட்டு வந்தது. இந்த டிசம்பரில் சாமானைக் கொண்டுவந்து காட்டும்படி லைசன் கொடுக்கும் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

முத்துவீரன் வாய்விட்டுச் சிரித்தார். மாமா அப்படிச் சிரித்து சந்திரகாந்தா பார்த்ததே குறைவு.

"உப்புப் போட்ட புளிக்குள்ளயா வச்சீங்க? பித்தளைச் சாமானை நான் கழுவுறதே கொறக்காவிலதாங்க."

"தெரியும் பாஸ். அந்த நேரம் மூளை வேலை செய்யல்ல."

ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள், கொறக்காத் தண்ணீரில் ஊறிய அரிவாளின் கதியை. அந்தக் கறுத்த புளியை மூட்டை மூட்டையாக விற்கிறவருக்கு அது மறந்துபோயிருந்தது. பயம் வந்தால் சொந்தச் சரக்கின் குணமும் மறந்துபோகும்.

சிரிப்பு அடங்கியதும் முத்துவீரன் கேட்ட கேள்வி ஒன்றுதான். நம்பர் எங்கே இருக்கிறது? பிடிக்குக் கீழே, அடிச்சட்டத்தில், துருவுக்குள் ஆறு இலக்கம் மங்கலாகத் தெரிந்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லைசன் பிரதியும், நான்தான் கொடுத்தேன் என்று உங்கள் கையெழுத்துப் போட்ட கடுதாசியும் வேண்டும், இல்லாவிட்டால் இது இந்தக் கூரைக்குக் கீழே ஒரு மணித்தியாலம் நிற்காது என்றார். முதலாளி சந்திரகாந்தாவைப் பார்த்தார். இந்தப் பிள்ளை நொத்தாரிசு கந்தோரில் டைப் அடிக்கிற பிள்ளைதானே, அடித்துத் தரட்டுமே என்றார். அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

முத்துவீரன் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். தேயிலை பெக்டரியில் மெசின் கழுவப் போய், பிட்டராகி, பிறகு கண்டியில் ஒரு முலாம் கடையில் நான்கு வருஷம் நின்று நிக்கலும் குரோமும் கற்றுக்கொண்டார். பெற்றோர் இந்தியாவுக்குப் பதிந்து போனபோது அவர் போகவில்லை. அக்கா அழகம்மா இங்கே இருந்தாள். அதோடு, தொட்டிகளும் மோட்டாரும் அப்போதுதான் வாங்கியிருந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவை எரிந்தன. திரும்பவும் வாங்கினார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பேசுவதற்கு மட்டும்தான். எழுத்து ஒன்றும் தெரியாது.

எண்பத்தைந்தில் ஒரு நாள் தம்புள்ளையிலிருந்து பஸ்ஸில் இரண்டு ஜாடி ஆஸிட் கொண்டுவந்தார். முலாம் போடுகிறவனுக்கு ஆஸிட் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வழியில் மறித்துச் சோதித்தவர்களுக்கு அது குண்டு செய்கிற சரக்காகத் தெரிந்தது. கேட்டதற்கெல்லாம் சிங்களத்திலேயே பதில் சொன்னார். அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் இருந்தாராம். தேநீர் கூடக் கொடுத்தாராம். சொன்னதை எழுதி, இங்கே கையெழுத்துப் போடு என்று பக்கத்தின் அடியைக் காட்டினார். மேலே நான்கு வரி. நடுவில் வெறும் தாள். கீழே முத்துவீரனின் கையெழுத்து. பதினொரு மாதம் தடுப்பில் இருந்த பிறகு ஒரு சட்டத்தரணி அந்தத் தாளைப் படித்துக் காட்டியபோது அதில் வெற்றிடமே இருக்கவில்லை. அவர் கேள்விப்பட்டேயிராத ஒரு ஆளுக்கு, அவர் போயேயிராத ஒரு ஊரில், ஆஸிட் கொடுத்ததாக இருபது வரி இருந்தது. சாட்சி இல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்த வருஷம் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ரசீது கொடுப்பதில்லை. தபால்காரன் பதிவுத் தபால் கொண்டுவந்தால் அக்காவைக் கூப்பிடுவார். ஊர் அவரை ஒரு மாதிரியான ஆள் என்றது. சந்திரகாந்தா அப்படி நினைக்கவில்லை. அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழிலும், பிறகு டவுன் பள்ளிக்கூடத்தில் சிங்களத்திலும் படித்தவள். நாள் முழுவதும் இரண்டு எழுத்திலும் பிறருடைய காணி உறுதிப் பத்திரங்களை அடிக்கிறவள். ஒரு வெற்றிடம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை அவரிடம் அவள் சொன்னதில்லை. அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் அல்ல.

கடிதம் அடித்து, முதலாளி ஒப்பமிட்டு, லைசன் பிரதியோடு வந்து சேர்ந்தது. முத்துவீரன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ஓரிடத்தில் நின்று அவள் பார்க்கவில்லை. டின் ஒரு நாள் சுண்ணாம்பு மூட்டைக்குப் பின்னால் இருந்தது, மறுநாள் காலித் தொட்டிக்கு அடியில். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு வழியே வேண்டியிருக்கவில்லை, வாசலே போதுமாயிருந்தது.

எந்தப் பூச்சு என்பதுதான் அவரைக் குடைந்தது. நிக்கல் முதலாளியின் ஆசை. ஆனால் நிக்கல் ஒட்ட வேண்டுமானால் இரும்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். புளி தின்ற இந்தக் குழிகளைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்தால் குழியோடு நம்பரும் போய்விடும். நம்பர் போன துப்பாக்கி யாருடைய துப்பாக்கி? தேய்க்காமல் போட்டாலோ காய்ந்த பொருக்கு மாதிரி உரிந்து வரும். குரோம் இன்னும் உறுதி, ஆனால் அதற்கு அடியில் செம்பும் நிக்கலும் வேண்டும். அத்தனை தடிப்பு ஏறினால் உருளை சுற்றாது. கண்டியில் இருந்தபோது ஒரு தோட்டத்துத் தொரையின் துப்பாக்கிக்கு நீலம் காய்ச்சியதைப் பார்த்திருக்கிறார். மயில் கழுத்து மாதிரி அழகு. ஆனால் அது துருவுக்குத் துருவாலேயே போட்ட மெல்லிய சட்டை. உப்பும் புளியும் அளக்கிற கைக்கு அது தாங்காது. மிச்சம் இருந்தது, பைசிக்கிள் பிரேமுக்குப் பெயிண்ட் அடிக்குமுன் அவர் கொடுக்கிற பொஸ்பேட் கொதிநீர். சாம்பல் குளியல் என்பார் அதை. அதற்குத் தேய்ப்பு வேண்டாம், குழிக்குள்ளும் பிடிக்கும், எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் மெல்லியதாகக் கறுப்புப் பூசிச் சூட்டில் வைத்து எடுத்தால் நகத்துக்கும் அசையாது.

அவர் எதையும் வாயால் சொல்லி முடிக்கிறவர் அல்ல. நான்கு இரும்புத் துண்டு வெட்டினார். ஒன்றுக்கு நிக்கல், ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு வெறும் கறுப்பு, ஒன்றுக்குச் சாம்பலும் கறுப்பும். அக்கா வீட்டிலிருந்து ஒரு கை கொறக்கா கொண்டுவரச் சொன்னார். நனைத்து, உப்புப் போட்டு, நான்கு துண்டையும் அதற்குள் புதைத்து, பால்மா டின்னில் மூடி வைத்தார். பத்து நாள்.

"கொறக்கா எதுக்கு? பட்டறையில மீன் சமைக்கப் போறானாமா?" என்று கேட்டாள் அழகம்மா. மகள் கொறக்காவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் அவர் டின்னைக் கவிழ்த்தபோது சந்திரகாந்தா பக்கத்தில் இருந்தாள். நீலம் போட்ட துண்டு செம்மண் நிறத்தில் இருந்தது. நிக்கல் ஓரத்தில் கிளம்பி, விரல் பட்டதும் செதிலாக வந்தது. வெறும் கறுப்பு கொப்புளித்திருந்தது. நான்காவதை அவர் கழுவி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, ஆணியால் கீறிப் பார்த்தார். கீறின இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். ஆணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சரி என்றார்.

நம்பர் இருந்த இடத்தை மெழுகால் மூடிவிட்டுத்தான் துருவை ஆஸிட்டில் எடுத்தார். பிறகு மெழுகை உருக்கிவிட்டு, அந்த இடத்தைப் பித்தளைத் தூரிகையால் மட்டும், குழந்தைக்குப் பல் துலக்குகிற மாதிரித் தேய்த்தார். சாம்பல் குளியல் எல்லாவற்றுக்கும் கொடுத்தார். கறுப்பு அடித்தபோது மட்டும் நம்பர்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டினார், அந்த இடம் சாம்பல் நிறமாகவே நிற்கட்டும் என்று.

பாகங்கள் சூளைக்குள் தொங்கிய அன்றுதான் பொலிஸ் சார்ஜன் வந்தார். சூளை என்றால் ஒரு பழைய இரும்பு அலுமாரி. அடியில் இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பு. சார்ஜன் தன் மோட்டர் சைக்கிள் மட்காட்டைக் கறுப்புப் பூசக் கொடுத்திருந்தார். அதுவும் உள்ளேதான் இருந்தது, ரிவோல்வரின் சட்டத்துக்குப் பக்கத்துக் கம்பியில். பாஸ் உன்னஹே என்று மரியாதையாகக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறதென்று பார்க்கலாமா என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே அவர் அலுமாரிக் கைப்பிடியில் கை வைத்தார். சந்திரகாந்தாவின் கையில் சோற்றுப் பொட்டலம் நசுங்கியது. முத்துவீரன் அவசரப்படவில்லை. இப்போது திறந்தால் காற்றுப் பட்டு மட்காட் முழுவதும் அம்மைத் தழும்பாகிவிடும், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது என்று அதே சிங்களத்தில் சொன்னார். சார்ஜன் கையை எடுத்தார். கைப்பிடிச் சூட்டுக்கு விரலை ஊதிக்கொண்டார். தேநீர் குடித்தார். மழையைப் பற்றி அவரும் பேசினார். போனார்.

முத்துவீரன் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். சட்டைப் பை நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"கடுதாசி இருந்திச்சே மாமா. காட்டியிருக்கலாமே."

"கடுதாசியைக் காட்டினா படிப்பாங்க. படிச்சா, நீ ஒண்ணு எழுதிக் குடுன்னு சொல்லுவாங்க."

முதலாளி எடுத்துப் போக வந்தபோது நவம்பர் பிறந்துவிட்டது. நிக்கல் இல்லையே என்று முதலில் முகம் சுண்டினார். முத்துவீரன் நான்கு துண்டையும் மேசையில் வரிசையாக வைத்தார். முதலாளி செதில் உரிந்த நிக்கலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரிவோல்வரைக் கையில் எடுத்தார். மங்கலான, வெளிச்சத்தை விழுங்குகிற கறுப்பு. அடிச்சட்டத்தில் மட்டும் பெருவிரல் நகமளவு சாம்பல் சதுரம், அதற்குள் ஆறு இலக்கம். நான்காவது இலக்கம் எட்டு. அதன் இடது பக்கத்தைப் புளி தின்றிருந்தது. அசப்பில் பார்த்தால் மூன்று.

வாடிக்கையாளர் சாமானில் அடையாளம் அடிக்க முத்துவீரனிடம் இலக்க உளிகள் இருப்பது முதலாளிக்குத் தெரியும்.

"ஒரு தட்டுத் தட்டினாப் போதுமே பாஸ். எட்டு எட்டாகிடும்."

"தட்டினா அது என் நம்பர் ஆயிருங்க. இப்ப இருக்கிறது உங்க நம்பர்."

முதலாளி இரண்டாம் தரம் கேட்கவில்லை.

டிசம்பரில் கந்தோர் அதிகாரி பூச்சைப் பார்த்து, யார் செய்தது, நல்ல வேலை என்றாராம். பிறகு கண்ணாடி வைத்து நம்பரைப் பார்த்தார். கொறக்காக் கதையைக் கேட்டுச் சிரித்தார். சிரித்தாலும் விடவில்லை. புதுப் பூச்சுக்கு நடுவே பழைய நம்பர், அதிலும் ஓர் இலக்கம் அரைகுறை. வேலை செய்த ஆள் நம்பரை மாற்றவில்லை என்று எழுதி ஒப்பமிட்டுத் தரவேண்டும், சிங்களத்தில், வெள்ளிக்கிழமைக்குள். தராவிட்டால் ரிவோல்வர் பறிமுதல், முதலாளிமேல் வழக்கு. வேலை செய்த ஆளைப் பொலிஸ் அழைத்து விசாரிக்கும்.

கையெழுத்துப் போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். முத்துவீரன் இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. அக்கா வீட்டுக்கும் வரவில்லை. ரயில் நிலையத்தில் கண்டு பேசியதாக ஒருவரும், அளுவிகாரைப் பக்கம் மழையில் நடந்து போனதாக இன்னொருவரும் சொன்னார்கள். ஆள் ஓடிவிட்டானோ என்று முதலாளி அழகம்மாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கடிதம் போய்ச் சேர்ந்தது. லைசனில் முத்திரை விழுந்தது. அந்தக் கறுப்பு இன்னும் அப்படியே இருப்பதாக லாபிர் முதலாளியின் மகன் போன வருஷம் சொன்னார். முத்துவீரன் பிறகும் பன்னிரண்டு வருஷம் அதே பட்டறையில் பைசிக்கிள் மணிகளுக்கு முலாம் போட்டு, ஒரு சித்திரை மாதம் காய்ச்சலில் போனார். அவரைப் பற்றி யாராவது கேட்டால் சந்திரகாந்தாவுக்கு முதலில் நினைவு வருவது அந்த வியாழக்கிழமைப் பின்னேரம்தான்.

பட்டறையின் பாதிக் கதவு திறந்திருந்தது. முதலாளி யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதத்தை அவள் கொண்டுவந்திருந்தாள். நீளத் தாள். தலைப்பில் மூன்று வரி சிங்களம். அடியில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அவர் அதை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்தைப் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று வரிக்கும் பென்சில் குறிக்கும் நடுவில் இருந்ததைத்தான் பார்த்தார். அவர் எழுந்து தொட்டிகளுக்கு நடுவே போனார், வந்தார், திரும்பவும் போனார். மோட்டாரைப் போட்டார், நிறுத்தினார். தாளை நாலாக மடித்து அடுப்புக்குள் வைத்தார். அது எரிந்து முடியும்வரை நின்றார்.

பிறகு அவள் முன்னால் வந்து மரப்பெட்டியில் உட்கார்ந்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தரம்.

"நீயே அடி, சந்திரா. மேல சிங்களம், கீழ தமிழ். மெழுகு வச்சேன், தொடைச்சேன், நம்பர் மேல உளி வைக்கல. அவ்வளவுதான். நான் சொல்றதுக்கு மேல ஒரு சொல்லும் சேக்காத. ரெண்டையும் எனக்குப் படிச்சிக் காட்டு, மெதுவா. அப்புறம் புள்ள, கடைசி வரிக்கும் என் கையெழுத்துக்கும் நடுவில ஒரு விரல்கூட எடம் விடாத."